பொலோஞா மாணாக்கர் வகுத்த கல்வித்தரம்

பல்கலைக்கழகக் கல்வியின் தரம் யாது என்னும் வினாவுக்கு அரசுகள் ஒருவகையாகவும் ஆசிரியர்கள் ஒருவகையாகவும் விடை கூறுவர். நூலகத்தின் பரப்பு, வெளிவந்த ஆய்வேடுகளின் தொகை, பட்டம் பெற்றோர் ஈட்டும் ஊதியம் என அளவுகோல்கள் பலவாக விரியும். கற்க வந்தவன் அத்தரத்தை எதனைக் கொண்டு அளந்தான் என்று கேட்டு எழுதப்பட்ட வரலாறோ மிகக் குறைவு. மாணாக்கரின் எண்ணங்கள் விடுதித் திண்ணைப் பேச்சோடு மறைந்துவிடுவன. அவை ஏட்டில் ஏறுவது அரிது. இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் மட்டும், இடைக்காலத்தில், அவை சட்டமாகவே எழுதப்பட்டன. அங்குக் கற்ற சட்ட மாணாக்கர் தமக்கென வகுத்துக்கொண்ட விதிகள் 1317ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டு, 1347இல் மேலும் விரிக்கப்பட்டு இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்போர், நல்ல கல்விக்கு எவையெல்லாம் வேண்டும் என்று மாணாக்கர் கருதினர் என்பதை, அவர்தம் வாயாலேயே கேட்கின்றனர் எனலாம்.

பொலோஞாப் பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதென்பது வழக்கு. இவ்வாண்டு ஏடுகளில் கண்டெடுக்கப்பட்டதன்று. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழாவைச் சிறப்புறக் கொண்டாட விரும்பிய அறிஞர் குழு, கவிஞர் ஜொசுவே கார்துச்சியின் தலைமையில் கூடி உறுதிசெய்த ஆண்டு அது. உண்மையில் அப்பல்கலைக்கழகத்தை எவரும் ஒரு நாளில் நிறுவவில்லை. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் தொகுப்பித்த உரோமச் சட்டநூல்களை, பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இர்னேரியஸ் என்பார் அந்நகரில் முறையாகப் பாடஞ்சொல்லி வந்தார். அவர் புகழ் கேட்டு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணாக்கர் வந்து குவிந்தனர். கட்டடம் இல்லை, தோட்டம் இல்லை, ஆசிரியர் தம் இல்லத்திலோ வாடகைக்கு எடுத்த கூடத்திலோ பாடம் நடத்தினார்.

வந்த மாணாக்கர் சிறுவரல்லர் என்பது முதலில் மனங்கொள்ள வேண்டியது. அவருட் பலர் இருபது வயதைக் கடந்தோர். சிலர் தம் ஊரில் திருச்சபைப் பதவி வகித்தோர். செல்வக் குடியினரும் பலர். ஊரில் மதிப்புடன் வாழ்ந்த இவர்கள் பொலோஞாவில் அயலாராயினர். அயலானுக்கு அந்நாளைய இத்தாலிய நகரங்களில் உரிமை ஏதும் கிடையாது. ஒரு செருமானியன் பட்ட கடனுக்கு, அவனை முன்பின் அறியாத மற்றொரு செருமானியனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இக்கொடுமையிலிருந்து மாணாக்கரைக் காக்கவே பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1158ஐ ஒட்டி ஓர் ஆணை பிறப்பித்தார். கல்வியை நாடிப் பயணம் செய்வோருக்குப் பாதுகாப்பும், வழக்கு நேர்ந்தால் தம் ஆசிரியரையோ ஆயரையோ நடுவராகக் கொள்ளும் உரிமையும் அதனாற் கிடைத்தன.

ஆணை தொலைவில் இருந்தது; வீட்டுக்காரனும் கடைக்காரனும் அருகில் இருந்தனர். எனவே மாணாக்கர், தச்சரும் நெசவாளரும் சங்கம் அமைத்தது போலவே, தாமும் சங்கம் அமைத்தனர். அச்சங்கத்திற்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரே ‘உனிவெர்சித்தாஸ்’. இன்று உலகமெங்கும் பல்கலைக்கழகத்தைக் குறிக்க வழங்கும் அச்சொல், தொடக்கத்தில் கட்டடத்தையோ ஆசிரியர் குழுவையோ குறிக்கவில்லை. பொலோஞாவில் அது மாணாக்கர் கூட்டத்தையே குறித்தது. இத்தாலியர்க்கு ஒன்றும், மலைக்கு அப்பாலிருந்து வந்தோர்க்கு ஒன்றுமாகச் சட்டக் கல்வியில் இரு சங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பிறந்த நாட்டின்படி பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. செருமானியப் பிரிவின் கணக்கேடுகள் 1289 முதல் இன்றும் உள்ளன. பொலோஞா நகரத்துக் குடிமக்களுக்கு நகரச் சட்டமே பாதுகாப்பு அளித்தமையால், அந்நகரத்து மாணாக்கர் இச்சங்கத்தில் சேரவில்லை. ஆசிரியர்களும் சேரவில்லை.

சங்கத்தின் தலைவரும் மாணாக்கரே. அவர் ஏறத்தாழ 25 வயதினராகவும், மணமாகாத திருச்சபையினராகவும், ஐந்தாண்டுகள் சட்டம் பயின்றவராகவும் இருத்தல் வேண்டும். நகரத்தின் புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர்கள், மன்னர்க்கும் போப்பரசர்க்கும் அறிவுரை கூறும் தகுதி வாய்ந்தோர், இம்மாணாக்கத் தலைவருக்குக் கீழ்ப்படிவதாக ஆணையிட வேண்டியிருந்தது. சங்கக் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. விதிகளுக்கு உடன்படாத ஆசிரியரின் வகுப்புக்கு எவரும் செல்லக்கூடாதென்று சங்கம் தடை விதித்தால், அவருடைய பிழைப்பு அன்றோடு நின்றது. ஏனெனில் மாணாக்கர் தந்த கட்டணமே அவருடைய ஊதியம்.

இந்நிலையில் மாணாக்கர் எவற்றைக் கேட்டனர்? பெரிய தத்துவங்களை அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் முதலிற் கேட்டது ஆசிரியர் வருகை. முன்னிசைவு பெறாமல் ஆசிரியர் ஒரு நாள் வகுப்பும் தவறக்கூடாது. நகரைவிட்டு வெளியே செல்ல விரும்பினால், திரும்பி வருவேன் என்பதற்குப் பிணையாகப் பணம் கட்டிவிட்டே செல்ல வேண்டும். திருமணம் செய்துகொள்ளும் ஆசிரியருக்கு ஒரு நாள் விடுப்பு உண்டு. இரண்டாம் நாள் பாடம் தொடங்கிவிட வேண்டும்.

அடுத்தது காலம். காலையில் புனித பேதுரு ஆலயத்து மணி ஒலித்ததும் பாடம் தொடங்குதல் வேண்டும். முடிவு மணி ஒலித்த பின்னரும் ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தால் அவருக்குத் தண்டம். மாணாக்கர் அங்கேயே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் தண்டம்! நேரத்துக்கு மேல் பாடம் நடத்துவதை உழைப்பு என்று போற்றும் வழக்கம் பொலோஞாவில் இல்லை. அடுத்த ஆசிரியரின் பொழுதை அது விழுங்குகிறது என்பதே அவர்கள் கண்ட கணக்கு.

இவற்றினும் நுட்பமானவை பாடப்பகுதியைப் பற்றிய விதிகள். சட்டநூல் பல கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் இந்த நாளுக்குள் முடிதல் வேண்டும் என வரையறுக்கப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் 25 பொலோஞாப் பவுன் பணத்தை ஒரு வட்டிக்கடைக்காரரிடம் வைப்பாகக் கட்டிவிடுவார். குறித்த நாளில் குறித்த கூற்றை எட்டாவிடில், அவ்வைப்பிலிருந்து தண்டம் கழித்துக்கொள்ளப்படும். ஓர் அதிகாரத்தையும் அவர் தாண்டிச் செல்லக்கூடாது. கடினமான இடம் வரும்போது, ‘இதனைப் பின்னர்ப் பார்ப்போம்’ என்று வகுப்பின் இறுதிக்குத் தள்ளக்கூடாது. முன்னுரையிலேயே மூழ்கிக் கிடந்து, நூலின் பிற்பகுதியை ஆண்டு முடிவில் அள்ளித் தெளிக்கும் ஆசிரியர்களை அக்காலத்து மாணாக்கரும் கண்டிருந்தனர் என்பதற்கு இவ்விதிகளே சான்று. நோய் இல்லாத இடத்தில் மருந்து எழுதப்படுவதில்லை அன்றோ!

வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர் என்பதும் கணக்கிடப்பட்டது. முதன்மைப் பாடத்திற்கு ஐவரும், துணைப்பாடத்திற்கு மூவரும் குறைந்த அளவு. அத்தொகைக்குக் குறைந்தோர் வந்தால், ஆசிரியர் வரவே இல்லை என்று கொண்டு தண்டம் விதிக்கப்பட்டது. கூடம் வெறுமையாய்க் கிடப்பதற்குக் காரணம் ஆசிரியரே என்னும் முடிவு இதனுள் அடங்கியிருக்கிறது. இது நேர்மையான முடிவுதானா என்பது ஐயத்திற்குரியது. கடினமான பொருளை நடத்துவோர்க்குக் கேட்போர் குறைவாக இருப்பது எக்காலத்திலும் இயல்பு. ஆயினும், மாணாக்கர் தம் பார்வையில் தரத்தை அளக்க எண்ணத்தக்க ஒன்றைத் தேடியபோது, தலைகளை எண்ணினர்.

இவ்விதிகளைக் காவல் காக்க, மாணாக்கருள் நால்வர் மறைவாக நியமிக்கப்பட்டனர். ஆசிரியரின் தவறுகளைத் தலைவரிடம் அறிவிப்பது அவர்கள் பணி. அந்நால்வர் யாவர் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. ஆசிரியர் ஒருவர் தம் முன்னே அமர்ந்திருக்கும் முகங்களை நோக்குங்கால், அவற்றுள் எது தம்மைக் கண்காணிக்கும் முகம் என்று அறியாமலே பாடஞ்சொல்ல வேண்டியிருந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. 1317இல் இவ்விதிகளைத் தொகுத்து எழுதியவர் ஜொவான்னி தந்திரேயா என்னும் பெரும் சட்ட அறிஞர். அவரும் ஓர் ஆசிரியரே. தாம் எழுதிய தண்டத்துக்குத் தாமே ஆளாகக் கூடியவர்.

ஏறத்தாழ இதே நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டில் வழங்கிய கருத்து யாது என்று நோக்குவது தமிழாசிரியர்க்குப் பயன் தரும். பவணந்தி முனிவர், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் வேண்ட நன்னூலை இயற்றினார். குலோத்துங்கன் ஆட்சி 1178 முதல் 1218 வரை நடந்தது. பொலோஞாவில் மாணாக்கர் சங்கம் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலமும் அதுவே. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியராகத் தகாதவரை நான்கு உவமைகளால் காட்டுகிறது. பெய்த முறையன்றி மாறிக் கொட்டும் கழற்குடம் போல, வரிசை பிறழப் பாடஞ்சொல்பவர் ஒருவர். தானே விழுந்தாலன்றிப் பயன் தராத மடற்பனை போல்பவர் மற்றொருவர். அடைக்கும்போதும் எடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே இடங்கொடுக்கும் பருத்திக் குண்டிகை போல்பவர் வேறொருவர். நீர் வார்த்தவனை விட்டு அயலானுக்குக் காய் தரும் முடத்தெங்கு போல்பவர் இன்னொருவர்.

பொலோஞா விதிகளோடு இவற்றை ஒப்பிட்டால் வியப்பு மேலிடுகிறது. அதிகாரம் தாண்டிச் செல்பவர் கழற்குடம். முன்னுரையிலேயே ஆண்டைக் கழிப்பவர் பருத்திக் குண்டிகை. கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியூர் செல்பவர் முடத்தெங்கு. குறைகள் ஒன்றே, அவற்றைக் கூறியோர் வேறு. நன்னூலில் ஆசிரியரின் குறையை இலக்கண ஆசிரியரே கூறுகிறார். மாணாக்கரையும் அவரே அன்னம், பசு, மண், கிளி என்றும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்றும் தரம் பிரிக்கிறார். பொலோஞாவில் தரம் பிரிக்கும் கோல் மாணாக்கர் கையில் இருந்தது. நன்னூல் பழிப்போடு நின்றது. பொலோஞா பழியைப் பணமாக மாற்றியது.

ஆசிரியரோடு மாணாக்கரின் கவலை நின்றுவிடவில்லை. கல்வியின் தரத்தை நூலும் வீடும் உருவாக்குகின்றன என்பதை அவர்கள் தம் பட்டறிவால் கண்டிருந்தனர். அச்சுப்பொறி தோன்றாத காலம் அது. தோல் ஏட்டில் கையால் எழுதப்பட்ட சட்டநூலின் விலை எளியோர் கைக்கு எட்டாதது. எனவே நூல்வணிகர் ஒரு நூலின் மூலப்படியைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பர். மாணாக்கர் ஒவ்வொரு துண்டாக வாடகைக்கு எடுத்துப் படியெழுதிக்கொண்டு திருப்பித் தருவர். இம்முறையால் ஒரே நேரத்தில் பலர் ஒரு நூலைப் படியெடுக்க முடிந்தது. ஆனால் மூலப்படியில் ஒரு பிழை இருந்தால், அப்பிழை நூறு படிகளில் பெருகியது. சட்டத்தில் ஓர் ‘அல்ல’ விடுபட்டால் வழக்கே தலைகீழாகிவிடும்.

இதனை உணர்ந்த மாணாக்கர் தம்முள் அறுவரைத் தேர்ந்து, மூலப்படிகளை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தனர். பிழைமலிந்த படியை வாடகைக்குத் தந்த வணிகருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. துண்டுகளுக்கான வாடகையும் வரையறுக்கப்பட்டது. மூலப்படிகளை வேறு நகரத்துக் கல்விக்கூடங்களுக்கு விற்றுவிடவும் வணிகருக்கு இசைவில்லை. ஏடு காத்தும் படியெடுத்தும் பிழை நோக்கியும் வாழ்ந்த மரபினரான தமிழர்க்கு இக்கவலையின் ஆழம் எளிதில் விளங்கும்.

வீட்டு வாடகையை மாணாக்கர் தரப்பினரும் நகரத் தரப்பினரும் கூடி ஆண்டுதோறும் மதிப்பிட்டனர். அம்மதிப்பை ஏற்காத வீட்டுக்காரரின் வீட்டில் மாணாக்கர் எவரும் சில ஆண்டுகளுக்குக் குடியிருக்கக்கூடாது என்று விலக்கி வைத்தனர். இன்று விடுதிக் கட்டணம் பற்றிப் பல்கலைக்கழக மாணாக்கர் எழுப்பும் குரலைக் கல்விக்குப் புறம்பான முணுமுணுப்பு என்று ஒதுக்குவோர் உளர். உறங்க இடமின்றிச் சட்டம் பயில முடியாது என்பது பொலோஞாவில் எவருக்கும் விளக்க வேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

இத்துணை ஆற்றல் மாணாக்கருக்கு வந்த வழி இரண்டு. ஒன்று கட்டணம், மற்றொன்று புறப்பாடு. கட்டடமற்ற பல்கலைக்கழகத்தைத் தூக்கிச் செல்வது எளிது. நகரத்தோடு பிணக்கு நேர்ந்தால் மாணாக்கர் கூட்டமாக வேறு நகர் சென்று அங்கே கல்வியைத் தொடங்கினர். 1204இல் விச்சென்சாவுக்கும், 1215இல் அரெட்சோவுக்கும், 1222இல் பதுவாவுக்கும் சென்றனர். 1321இல் மற்றொரு பெரும் கூட்டம் சியேனாவுக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் கலிலியோ பாடஞ்சொன்ன பதுவாப் பல்கலைக்கழகம் இத்தகைய புறப்பாட்டில் பிறந்ததே. மாணாக்கர் போனால் வாடகையும் வணிகமும் போகும் என்று அஞ்சிய நகரம், ஆசிரியர்கள் ஊரைவிட்டுச் செல்லமாட்டோம் என்று ஆணையிடும்படி வற்புறுத்தியது.

மாணாக்கரின் கைக்கு எட்டாத இடம் ஒன்று இருந்தது. அது தேர்வு. ஒருவர் ஆசிரியராகத் தகுதி பெற்றாரா என்பதை முடிவு செய்தவர்கள் ஆசிரியர் குழுவினரே. 1219இல் போப்பரசர் மூன்றாம் ஹொனோரியஸ், பட்டம் வழங்கும் இசைவைப் பொலோஞாவின் தலைமைத் திருத்தொண்டரிடம் ஒப்படைத்தார். தேர்வெழுதுவோனுக்குக் காலையில் இரு சட்டப்பகுதிகள் தரப்படும். பின்னர் ஆசிரியர் குழுவின் முன் அவற்றை அவன் விளக்க வேண்டும். மணி, தண்டம், வாடகை யாவற்றையும் வகுத்த மாணாக்கர் சங்கத்திற்கு இக்கூடத்தின் கதவுக்குள் இடமில்லை. ஆசிரியர் வந்தாரா, முடித்தாரா என்பதை மாணாக்கர் அளந்தனர். மாணாக்கன் கற்றானா என்பதை ஆசிரியர் அளந்தனர். பல்கலைக்கழக வரலாறு முழுவதும் இவ்விரு அளவுகளுக்கும் இடையே நடந்த இழுபறியாகவே காணப்படுகிறது.

மாணாக்கரின் அதிகாரம் சரிந்தது எவ்வாறு? போரினாலன்று, அவர்களுடைய கைச்சிக்கனத்தினால் என்றே கூறவேண்டும். கட்டணத்தைப் பேசி முடிக்க ஆசிரியர் தம் மாணாக்கருள் இருவரைத் தூதாக அனுப்புவது வழக்கம். பேசிய தொகை முழுமையாக வந்து சேர்வது அரிது. 1265இல் மறைந்த ஓதொஃப்ரேதுஸ் என்னும் பேராசிரியர், ஓராண்டுப் பாட முடிவில், அடுத்த ஆண்டு முதன்மைப் பாடங்களை மட்டுமே நடத்தப் போவதாகவும் துணைப்பாடங்களை நடத்தப் போவதில்லை என்றும் அறிவித்தார். மாணாக்கர் நன்றாகக் கற்க விரும்புகின்றனர், ஆனால் நன்றாகப் பணம் கொடுப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணம். தண்டம் விதிப்பதில் நாட்கணக்குத் தவறாத மாணாக்கர், கட்டணம் கட்டுவதில் அத்துணைக் கண்டிப்பாக இல்லை.

இந்த இடைவெளியில் நகரம் நுழைந்தது. 1280இல் ஸ்பானியரான கார்சியா என்னும் திருச்சபைச் சட்ட ஆசிரியரை மாணாக்கர் தேர்ந்தெடுத்தனர். அவருக்குரிய 150 பவுன் ஊதியத்தை நகரம் தந்தது. 1289இல் நகரத்தின் ஊதியம் பெறும் நிலையான இரு ஆசிரியப் பதவிகள் ஏற்பட்டன. தேர்ந்தெடுப்போர் அப்போதும் மாணாக்கரே. கட்டணச் சுமை குறைந்தது கண்டு அவர்கள் மகிழ்ந்திருப்பர். ஆனால் ஊதியம் தருவோர் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கேட்பது இயல்பு. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் நகரம் அமைத்த மேற்பார்வைக் குழுவினர் ஆசிரியர் நியமனத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். விதிநூல் அழியவில்லை, மாணாக்கத் தலைவர் பதவியும் நெடுங்காலம் இருந்தது. தண்டம் வசூலிக்கும் வலிமை மட்டும் போய்விட்டது.

1562, 1563ஆம் ஆண்டுகளில் போப்பரசரின் ஆட்சி பொலோஞாவில் பல்கலைக்கழகத்துக்கென ஒரு பெருங்கட்டடத்தை எழுப்பியது. ஆர்க்கிஜின்னாசியோ என்னும் அக்கட்டடத்தின் சுவர்களிலும் கூரைகளிலும் மாணாக்கப் பிரதிநிதிகளின் குடிச்சின்னங்கள் ஏறத்தாழ 6,000 இன்றும் வண்ணம் மங்காமல் திகழ்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். கூடமே இல்லாத காலத்தில் ஆசிரியரை ஆண்ட மாணாக்கருக்கு, ஆளும் உரிமை போன பின்னரே சுவரில் இடம் கிடைத்தது. இனி வேறு நகருக்குத் தூக்கிச் செல்ல முடியாதபடி பல்கலைக்கழகமும் கல்லில் ஊன்றிவிட்டது.

பொலோஞாவின் வழி ஒன்றாக இருக்க, பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரம் வேறு வழி சென்றது. அங்குச் சங்கம் ஆசிரியர்களுடையது. கலைப்பிரிவு மாணாக்கர் பெரும்பாலும் இளஞ்சிறார். அவர்களுக்கு விதி வகுக்கும் உரிமை இல்லை. எனினும் கருத்து இருந்தது. பாடத்தை மாணாக்கர் எழுதிக்கொள்ளும் வேகத்தில் நிறுத்திச் சொல்வதா, பேச்சு நடையில் விரைந்து சொல்வதா என்பதே அங்கு எழுந்த வழக்கு. நூல் வாங்க இயலாத மாணாக்கர் நிறுத்திச் சொல்வதை விரும்பினர். எழுத்து வேலையில் சிந்தனை மழுங்கும் என்று ஆசிரியர் கருதினர். 1355ஆம் ஆண்டு விதி, விரைந்தே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டதோடு, அதனை எதிர்த்துக் கூச்சலிட்டும் சீறொலி எழுப்பியும் கல்லெறிந்தும் கலகம் செய்யும் மாணாக்கருக்குத் தண்டனையும் கூறுகிறது. கல்லெறிதலும் ஒருவகைக் கருத்துக் கணிப்பே போலும்! ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1452இல் கர்தினால் எஸ்தூத்வீல் பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்தியபோது, நிறுத்திச் சொல்லும் முறைக்கு இசைவு கிடைத்தது.

அதன்பின் பல நூற்றாண்டுகள் மாணாக்கர் கருத்தை எவரும் முறையாகக் கேட்கவில்லை. 1920களில் அமெரிக்காவில் அது மீண்டும் தலைகாட்டியது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்னும் உளவியலறிஞர், ஆசிரியரை மாணாக்கர் மதிப்பிடுவதற்கான ஓர் அளவுகோலைத் தாளில் அச்சிட்டு வழங்கினார். அம்முறை நாளடைவில் உலகெங்கும் பரவியது. மலேசிய, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களிலும் பருவ இறுதியில் மாணாக்கர் இத்தகைய மதிப்பீட்டை நிரப்புகின்றனர். ஆசிரியர் நேரம் தவறாதவரா, பாடத்திட்டம் முழுவதும் நடத்தினாரா, கடினமானவற்றை விளங்கச் சொன்னாரா என்னும் வகையிலான கேள்விகளைக் காணுங்கால், பொலோஞாவின் மறைவான நால்வர் நினைவுக்கு வருகின்றனர். இன்று வகுப்பிலுள்ள அனைவருமே அந்நால்வராகிவிட்டனர்.

ஆனால் மாணாக்கர் உணர்வது அனைத்தும் அவர்கள் கற்றதற்கு அளவாகுமா என்னும் ஐயம் கூடவே எழுந்தது. 1973இல் வெளியான ஓர் ஆய்வு இதனைக் கூர்மையாக்கியது. ஆய்வாளர்கள் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்னும் பெயரில் பேரறிஞராக வேடமிட்டு அனுப்பினர். அவருடைய சொற்பொழிவில் நகைச்சுவையும் கனிவும் நிறைந்திருந்தன. பொருள் ஒன்றும் இல்லை. கேட்டோர் மாணாக்கர்கூட அல்லர்; உளமருத்துவரும் கல்வியாளருமே. அவர்கள் அச்சொற்பொழிவை உயர்வாக மதிப்பிட்டனர். நிறைகுடத்தையும் குறைகுடத்தையும் ஓசையால் பிரித்தறியும் திறன் கற்றோர்க்கும் எளிதன்று என்பது அதனால் தெரிந்தது.

2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் ஆழமானது. ஒரு பிரிவினர் தெளிவான சொற்பொழிவைக் கேட்டனர். மறு பிரிவினர் தாமே குழுவாகச் சிக்கல்களைத் தீர்க்க முயன்றனர். பின்னர் இரு பிரிவினரும் முறையை மாற்றிக்கொண்டனர். சொற்பொழிவில்தான் மிகுதியாகக் கற்றதாக மாணாக்கர் உணர்ந்தனர். தேர்விலோ, தாமே முயன்ற வகுப்பில் அவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தது புலனாயிற்று. முயன்று தடுமாறும்போது தோன்றும் இடர்ப்பாட்டை, கற்கவில்லை என்பதன் அறிகுறியாக அவர்கள் எண்ணிவிட்டனர். கடினமான இடத்தைத் தள்ளிப்போடக்கூடாது என்று விதி எழுதிய பொலோஞா மாணாக்கர், இவ்வகையில் ஒரு படி முன்னே நின்றனர் எனலாம். கடினத்தை ஆசிரியர் தாண்டிச் செல்வதையே அவர்கள் குறையாகக் கண்டனர். கடினத்தைக் குறையாகக் காணவில்லை. சட்டம் தொழிலாகப் போகிறவர்கள் அவர்கள். தாண்டிய அதிகாரம் நாளை வழக்குமன்றத்தில் வந்து நிற்கும் என்பதை அறிந்திருந்தனர்.

மாணாக்கர் பார்வை தவறக் கூடியது என்பதனால் அதனை ஒதுக்கிவிடலாம் என்று வாதிடுவோர்க்கு, நூல் ஆராய்ந்த அறுவரையே விடையாகக் காட்டலாம். பிழைப்பட்ட படியால் தடுக்கி விழுந்தவன் மாணாக்கன். ஆகவே அப்பிழையை முதலில் கண்டவனும் அவனே. வாடகை, நேரம், நூல், விடுபட்ட பாடம் ஆகியவற்றில் அவனைவிட நல்ல சான்று வேறில்லை. தான் எவ்வளவு கற்றான் என்பதில் மட்டும் அவன் சான்று பிறழக் கூடும்.

ஐரோப்பிய நாடுகள் அண்மைக் காலத்தில் இவ்வேறுபாட்டை ஒருவாறு உணர்ந்து நடக்க முற்பட்டன. 1999 ஜூன் 19ஆம் நாள், அதே பொலோஞா நகரில் 29 நாடுகளின் கல்விப் பொறுப்பாளர்கள் கூடி, உயர்கல்வியை ஒருமுகப்படுத்தும் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 2001இல் பிராக் நகரில் கூடியபோது, மாணாக்கர் பல்கலைக்கழகச் சமூகத்தின் முழு உறுப்பினர் என்று எழுதினர். 2005இல் நார்வேயின் பெர்கன் நகரில், தரவுறுதிக்கான பொது விதிகள் ஏற்கப்பட்டன. அவற்றை வரைந்த நான்கு அமைப்புகளுள் ஒன்று ஐரோப்பிய மாணாக்கர் ஒன்றியம். பல்கலைக்கழகத்தைச் சோதிக்கச் செல்லும் வல்லுநர் குழுவில் மாணாக்கரும் பங்குபெற வழி பிறந்தது. 2015இல் ஆர்மேனியாவின் யெரெவான் நகரில் திருத்தப்பட்ட விதிகள் அதனை உறுதிப்படுத்தின: குழுவில் ஒரு மாணாக்க உறுப்பினரேனும் இருத்தல் வேண்டும். அவர் பேராசிரியர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, ஆவணங்களைப் படித்து, வகுப்பறைகளைப் பார்வையிடுகிறார். அவரிடம் தண்டம் விதிக்கும் உரிமை இல்லை; வட்டிக்கடைக்காரரிடம் வைப்புப் பணமும் இல்லை. குழுவினர் எழுதும் அறிக்கை முழுமையாக வெளியிடப்பட வேண்டும் என்னும் விதி உண்டு. அவர் பெயர் மறைக்கப்படுவதுமில்லை.